சோம்பேறிக் கணக்கும் சேவியரின் டோக்கனும்

யாராவது என்னிடம் "தொண்ணூறு சதவீதம் சரியாக வரும்" என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எதில் தொண்ணூறு? யார் எண்ணியது? எண்ணியவருக்கு அதில் என்ன லாபம்? இந்தக் குணத்துக்காக வீட்டில் எனக்குப் 'போலீஸ்' என்று பெயர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அதில் போட்டிருக்கும் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று காலண்டரைப் புரட்டுகிறவள் நான். ஒரு தடவை தப்பைப் பிடித்தும் இருக்கிறேன். அந்த வீட்டார் அதற்கப்புறம் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன மாதம் கலைவாணி போன் செய்தாள். நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில் எங்கள் பிரிவில் வந்து சேர்ந்தவள். இப்போது அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். "மேடம், எங்க பசங்க ஒரு மாடல் பண்ணிட்டு தொண்ணூத்தொம்பது வருதுன்னு குதிக்கிறாங்க. நீங்க அந்தக் காலத்துல கணிப்புக்கு எப்படி மார்க் போடுவீங்கன்னு கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்றாள். முறையை மட்டும் எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த முறையே ஒரு தடவை என்னை நடுத்தெருவில் நிறுத்தியதையும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்றேன். சரி என்றாள்.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருந்து, பிறகு முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டினார். நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். அதை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்பதுகளின் நடுவில், தொழிற்பேட்டையை ஒட்டி இருந்த ஓர் இரும்புப் பட்டறைக் கம்பெனியில் திட்டப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். இரும்புக் கட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, பெரிய சுத்தியல் எந்திரத்தில் அடித்து, லாரிகளுக்கு வேண்டிய பாகங்களாக ஆக்கும் இடம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

திட்டப் பிரிவுக்குத் தலைவர் வரதராஜன் சார். அவர் யாரையும் 'பொய்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. நம்பிக்கை வராவிட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே "இருக்கலாம்" என்பார். அந்த "இருக்கலாம்" வந்துவிட்டால் எதிரே நிற்கிறவருக்கு வியர்த்துவிடும். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் மூன்று அறைகளில் தனித்தனியாகக் கேட்பார். மூன்று பதிலும் ஒரே மாதிரி இருந்தால், பேசி வைத்துக்கொண்டார்களோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். எனக்குச் சரியான மேலதிகாரிதான்.

யாராவது ஒரு கணிப்பைக் கொண்டுவந்தால், காகிதத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி: "சும்மா இருந்திருந்தா எவ்வளவு சரியா வந்திருக்கும்?" இதற்கு அவர் வைத்த பெயர் சோம்பேறிக் கணக்கு. நாளைக்கு எத்தனை உருப்படி பழுதாகும் என்று கேட்டால், சோம்பேறி யோசிக்கவே மாட்டான். "நேத்து எவ்வளவோ அவ்வளவு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். ஆச்சரியம் என்னவென்றால் அவன் முக்கால்வாசி நாள் சரியாகத்தான் சொல்வான். எந்தக் கணிப்பும் முதலில் இந்தச் சோம்பேறியைத் தோற்கடிக்க வேண்டும். அப்புறம்தான் மார்க்.

அடுத்தது உறை. கணிப்பு எதுவானாலும் முன்கூட்டியே எழுதி, அரக்கு வைத்து ஒட்டி, சாரின் பீரோவுக்குள் போய்விட வேண்டும். நடந்து முடிந்த பிறகு "நான் அப்பவே சொன்னேனே" என்று யாரும் சொல்லக் கூடாது. தவணை முடிந்ததும் உறையைப் பிரித்து, கரும்பலகையில் நான் நாலு கட்டம் போடுவேன். 'ஆகும்' என்று சொல்லி ஆனது முதல் கட்டம். 'ஆகும்' என்று சொல்லி ஆகாதது இரண்டாவது. சொல்லாமல் விட்டு ஆகிவிட்டது மூன்றாவது. சொல்லவும் இல்லை, ஆகவும் இல்லை என்பது நாலாவது. நாலாவது கட்டம் எப்போதும் பெரிதாக ஊதிக்கொண்டிருக்கும். சதவீதம் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த ஊதலில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள் என்பார் சார்.

உலைப் பகுதி ஃபோர்மேன் கன்னியப்பனுக்கு இப்படி ஒரு மாதம் மார்க் போட்டோம். உலை எப்போது நிற்கும் என்பது தனக்கு முன்கூட்டியே தெரியும் என்பது அவர் பெருமை. உறைகளைப் பிரித்தால், ஒவ்வொரு நாளும் "இன்று நிற்கும்" என்று எழுதியிருந்தார். உலை நின்ற நாள் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை, உண்மைதான். இரண்டாவது கட்டத்தைக் காட்டினேன். "அது இன்னா மேடம், நிக்காத நாள்ல நான் சொன்னதாலதான் ஜாக்கிரதையா இருந்தானுங்க. அதான் நிக்கல" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். பிறகு ஒரு நாள் இதே பேச்சை டை கட்டியவர் வாயிலிருந்து கேட்டேன், அப்போது சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொழிலாளி வெந்துகொண்டிருந்த இடத்தில் அதற்கு மட்டும் ஏசி அறை. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். கூடவே புதிய பொது மேலாளரும் வந்தார், வடக்கே படித்தவர். பட்டறையில் அடிக்கடி அடிபடுவது அவருக்குக் கவலை. அது நியாயமான கவலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நகரத்திலிருந்து ஸ்ரீதர் என்ற ஆலோசகரை வரவழைத்தார். அடுத்த மூன்று மாதத்தில் எந்தத் தொழிலாளிக்கு அடிபடும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு புரோகிராமை ஸ்ரீதர் செய்தார். வயது, எத்தனை வருட சர்வீஸ், எந்த ஷிப்ட், இதுவரை முதலுதவி அறைக்கு எத்தனை தடவை போனார் என்பதையெல்லாம் அதில் ஊட்ட வேண்டும். தொண்ணூற்றாறு சதவீதம் சரி என்றார்.

வரதராஜன் சார் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் சோம்பேறிக் கணக்குப் போட்டேன். எங்கள் பட்டறையில் மூன்று மாதத்தில் நூறு பேரில் மூன்று பேருக்கு அடிபடும். "யாருக்கும் அடிபடாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிற சோம்பேறிக்குத் தொண்ணூற்றேழு. ஸ்ரீதரின் புரோகிராம் சோம்பேறியிடமே ஒரு மார்க்கில் தோற்றிருந்தது. ஸ்ரீதர் முகம் சிவந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குஷி.

பொது மேலாளர் விடவில்லை. "சதவீதத்தை விடுங்கள். அது முதலில் காட்டும் ஆளைப் பாருங்கள். முதலுதவி அறைக்கு அதிகம் போனவரும் அவர்தானே?" என்று கேட்டார். அந்த ஆள் சேவியர். பட்டறையின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேனின் ஓட்டுநர். ஏணி ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்து, நெருப்பாய்ச் சிவந்த கட்டைகளைத் தலைகளுக்கு மேலே கொண்டுபோகிறவர். அடிபடும் வாய்ப்புள்ளவரை அங்கே வைத்திருக்கலாமா, யார்டுக்கு மாற்றி இரும்பு அடுக்கச் சொல்லலாம் என்பது மேலாளரின் முடிவு. இந்தப் பேச்சு நடந்தது மூடிய அறையில். மதியச் சாப்பாட்டுக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கொக்கியில் சங்கிலி மாட்டும் ஆட்கள் சேவியரின் கிரேனுக்குக் கீழே நிற்கப் பயந்தார்கள். "அவன் கைக்கு ராசி இல்லன்னு கம்ப்யூட்டர்லயே வந்துட்சாம் மாமே" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஜோசியன் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள். ஏசி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் சாமி சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

சேவியர் என் மேஜைக்கு வந்தார். திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளில் வருகிற, அதிகம் பேசாத மனிதர். "மேடம், என் கொக்கிலேர்ந்து ஒரு ஆணிகூட கீழ உய்ந்ததில்ல. நான் இன்னா பண்ணேன்னு என்ன எறக்கறாங்க? மேல ஏறுனா மாட்டுறவன் எல்லாம் ஒதுங்கினு நிக்கிறான். சர்ச்சுல கூட, இன்னாப்பா உனக்கு அடிக்கடி அடிபடுதாமேன்னு கேக்கறாங்க. ஊட்ல பொண்டாட்டி அழுவுது" என்றார். நான் அவர் பேசப் பேச, குடித்திருக்கிறாரா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூண்டு வாசனைதான் வந்தது.

அவர் போன பிறகு வரதராஜன் சார், "கூண்டுக்குள்ள உக்காந்திருக்கிறவருக்கு காலில் சூட்டுக்காயம் எப்படிம்மா வரும்?" என்று கேட்டார். முதலுதவி அறையில் சேவியர் பெயரில் இருந்தவை எல்லாம் பாதத்தில் தீக்காயம், முழங்காலில் வெட்டு, நசுங்கிய விரல். எல்லாமே தரையில் நிற்கிறவனுக்கு வரும் காயங்கள். புரோகிராமுக்குக் கூண்டும் தெரியாது, தரையும் தெரியாது.

மறுநாள் காலை முதலுதவி அறைக்கு எதிரில் இருந்த குடிதண்ணீர்த் தொட்டி அருகே போய், ஏதோ கணக்கெடுப்பதுபோல் நின்றேன். பட்டறைக்குள் திடீரென்று கிரேன் நின்றது. கொஞ்ச நேரத்தில் சேவியர் ஒருவனைத் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். பாரிவாக்கத்திலிருந்து வருகிற தாஸ், கொக்கி மாட்டும் தற்காலிக ஆள். காலில் சூடான இரும்புச் செதில் பட்டிருந்தது. அறை வாசலில் ஒரு மரப்பெட்டி. உள்ளே போகிறவர் தன் ஆள் எண் பொறித்த பித்தளை டோக்கனை அதில் போட்டால்தான் கம்பவுண்டர் கட்டுப்போடுவார். சேவியர் தன் டோக்கனைக் கழற்றிப் போட்டார். கம்பவுண்டர் அதன் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, தாஸின் காலுக்கு மருந்து போட்டார். மூன்று பேருமே இது தினசரி நடக்கிற காரியம் என்பதுபோல் இருந்தார்கள்.

தாஸ் நொண்டிக்கொண்டு போன பிறகு சேவியரைப் பிடித்துக்கொண்டேன். மழுப்பிப் பார்த்தார், என்னிடம் நடக்கவில்லை. "டெம்ப்ரவரி ஆளோட டோக்கன் பொட்டில உய்ந்தா, ஜாக்கிரத இல்லாதவன்னு எய்திடுவாங்க மேடம். பர்மனென்ட் ஆவ மாட்டான். அதான் கூட்டினு வர்ற பர்மனென்ட் ஆளு தன்னுத போடறது. ரொம்ப வருசமா இப்டித்தான். எனக்கு மேலேர்ந்து எல்லாம் தெரியும். எவன் அடிபட்டாலும் மொதல்ல நான்தான் பாக்கறேன். பாத்துட்டு எப்டி சும்மா குந்தினு இருக்கறது?"

புரோகிராம் எண்ணியது அடிபட்டவர்களை அல்ல, அடிபட்டவர்களைத் தூக்கி வந்தவர்களை. அதில் முதலிடம் சேவியருக்கு. "இதை நான் மேலாளரிடம் சொல்லப் போகிறேன்" என்றேன். சேவியர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் மேடம். இத்தினி வருசத்துல இப்டி பர்மனென்ட் ஆனவன் எத்தினியோ பேரு. அத்தினி பேரையும் தோண்டுவாங்க."

வரதராஜன் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர், டோக்கனைப் பற்றி வாய் திறக்காமலே புரோகிராமைத் தோற்கடிக்கலாம் என்றார். மேலாளரிடம் போய், உறை வைத்துச் சோதிப்போம், மூன்று மாதம் யாரையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டார். மேலாளர் ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்: பட்டியல் வேண்டாம், புரோகிராம் மிக உறுதியாகச் சொல்லும் ஒரே ஒரு பெயர் போதும். ஸ்ரீதர் அச்சடித்து உறையில் போட்டார். அரக்கு வைத்தேன். உள்ளே யார் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சேவியரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "மூன்று மாதம் உங்கள் டோக்கன் அந்தப் பெட்டியில் விழக் கூடாது. வேறு யாராவது கூட்டிப் போகட்டும்." தலையாட்டினார்.

வேறு யாரும் கூட்டிப் போகவில்லை. முதலுதவி அறைக்குப் போகிறவர்களைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்கிறது என்ற பேச்சு பரவி, நிரந்தரத் தொழிலாளர்கள் தங்கள் டோக்கனை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மரப்பெட்டி காலியாகவே கிடந்தது. பொது மேலாளர் பூரித்துப்போனார். "புரோகிராம் வந்ததால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். கன்னியப்பன் சொன்ன அதே வசனம். நான் டீ வேளையில் பட்டறைக்குள் சுற்றி வந்தேன். வழக்கமாகக் கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கிற ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டே குடித்தார்கள். சிலர் கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார்கள். பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் காயத்தில் சுற்றிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அடிபடுவது குறைந்தபாடில்லை, கணக்கில்தான் விழவில்லை.

உறை பிரிக்க இன்னும் சில நாட்களே இருந்தபோது தாஸ் பட்டறையில் மயங்கி விழுந்தான். விரலில் பட்ட காயத்தைக் கையுறைக்குள் மறைத்தே வேலை செய்திருக்கிறான். சீழ் பிடித்துக் கை முழுக்க வீங்கி, காய்ச்சல் கொதித்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் குனியவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கிரேன் நின்றுவிட்டது. சேவியர் ஏணியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். "வேண்டாம் சேவியர், நான் ஆள் கூப்பிடுகிறேன்" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாஸைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மரப்பெட்டியில் டோக்கன் விழுந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

கம்பவுண்டர் சீழை எடுத்து ஊசி போட்டார். தாஸ் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிவிட்டுப் போனான். விரல் தப்பியது.

அன்று மாலை சேவியரிடம் சண்டையே போட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன், நீங்கள் தடுக்கக் கூடாது என்றேன்.

"தாஸுக்கு இந்த மாசம் ஆர்டர் வர்து மேடம். காயத்த மறச்சான்னு தெரிஞ்சா வெளில அனுப்பிடுவாங்க. எனக்கு இன்னா, யார்டுல போய் இரும்ப அடுக்குனா சோறு எறங்காதா?"

"உங்கள் பெயர் போகுமே."

"அது போய்தான் மேடம் கீது."

உறை பிரிக்கும் கூட்டத்தில் மேலாளர், ஸ்ரீதர், வரதராஜன் சார், நான். அரக்கை உடைத்தார்கள். சேவியர். மூன்று மாதத்தில் முதலுதவி அறையில் விழுந்திருந்த ஒரே டோக்கனும் சேவியருடையது. மேலாளர் மேஜையைத் தட்டினார். ஸ்ரீதரைப் பார்த்தேன். அவரை முதல் நாளிலிருந்தே வியாபாரி என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "சார், ஒரு தடவை சரியா வந்ததை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. மத்த மாசங்களில் அத்தனை பேர், இப்போ ஒருத்தர்தான்னா, எங்கேயோ தப்பு இருக்கு. அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலாமா?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சேவியரைக் கூப்பிட்டார்கள். வந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டு. ஒரு பொட்டு மருந்துக்கறை இல்லை. கம்பவுண்டரிடம் கேட்டுப் புதிதாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அடிபட்டது உங்களுக்குத்தானா?" என்று ஸ்ரீதர் கேட்டார்.

"ஆமா சார். எனக்குத்தான்."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வரதராஜன் சார் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா எஸ்தர்?" என்று மெதுவாகக் கேட்டார். சேவியர் கட்டுப்போட்ட விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். இல்லை என்றேன்.

எழுந்துபோய்க் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டேன். சொல்லி ஆனது: ஒன்று. சொல்லி ஆகாதது: சுழி. சொல்லாமல் ஆனது: சுழி. மிச்சம் அத்தனை பேரும் நாலாவது கட்டத்தில். யாருக்கும் அடிபடாது என்று சொன்ன சோம்பேறிகூட அந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தான். பணிக்காலம் முழுவதும் எத்தனையோ கணிப்புகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். நூற்றுக்கு நூறு வாங்கியது அது ஒன்றுதான்.

மறுநாள் சேவியர் யார்டுக்குப் போனார். அந்த வாரமே தாஸுக்கு நிரந்தர ஆணை வந்தது.